ரப்பர் ஸ்டாம்பு விழுந்த பக்கம்

1

ஜெர்மனிக்கு வந்து ஆறு ஆண்டுகள் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, என் பெயரை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். ஒருவர் பெயரைக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள் என்றால் அதற்கு முன் வழக்கமாக ஒரு காரியம் நடந்திருக்க வேண்டும். எனக்கு அது நடக்கவில்லை. ஆண்டுதோறும் விழுப்புரம் கருவூலத்துக்கு நான் உயிருடன் இருப்பதாக எழுதிக் கொடுத்து ஓய்வூதியம் வாங்குகிறவன் நான். அந்த ஆண்டுக்கான சான்றிதழை அனுப்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அன்று மழை. மழை பெய்தால் இந்த ஊரில் பிள்ளைகளைக் காட்சியகத்துக்கு அழைத்துப் போவார்கள். மகள் கவிதா எங்களை அழைத்துப் போனது, பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றில் உள்ளூர் வானொலி ஆர்வலர்கள் நடத்தும் சின்னக் காட்சியகம். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அனுமதி இலவசம். ஆனால் தாண்டியதற்கு அட்டை காட்ட வேண்டும். என் முகம் போதாதா என்று கேட்டேன். முகத்தில் தேதி இல்லை என்றார்கள்.

உள்ளே புதிய கண்காட்சி ஒன்றை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எப்போதோ மூடப்பட்டுவிட்ட ஒரு சிற்றலை வானொலி நிலையத்துக்கு உலகமெங்குமிருந்து நேயர்கள் எழுதிய கடிதங்கள். திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் தயாராகிவிட்ட ஒரு பெட்டியின் முன் நின்றுகொண்டு பேத்தி இனியா கத்தினாள்.

"தாத்தா! உன் பேர்!"

அரை சார்ட் பேப்பர் அளவில் ஒரு ஓவியம். மேலே கனமான கருப்பு, அதற்குள் பச்சை நெளிவுகள். அதிலிருந்து மெல்லிய மஞ்சள் கோடுகள் கீழே இறங்குகின்றன. இடது மேல் மூலையில் ஊதா நிறத்தில் வட்டமான ரப்பர் ஸ்டாம்பு: திண்டிவனம் அகில உலக வானொலி நேயர் சங்கம், தலைவர் வே. சபாபதி. பக்கத்தில் அச்சிட்ட அட்டை: "வே. சபாபதி, திண்டிவனம், இந்தியா. 'இந்தியாவில் மழை'. காகிதத்தில் எனாமல்."

ஸ்டாம்பு என்னுடையது. படம் என்னுடையது அல்ல.

இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் காட்சியகத்தின் பொறுப்பாளர், ஃப்ராவ் ஹார்ட்விக் என்ற அறுபது வயது அம்மாள், கவிதா சொன்ன செய்தியைக் கேட்டு ஓடி வந்தார். இரண்டு கைகளாலும் என் கையைக் குலுக்கினார். அந்தக் கண்காட்சிக்கே இதுதான் முகப்புப் படமாம். திறப்பு விழாவில் நான் நான்கு நிமிடம் பேசுவேனா என்று கேட்டார். என் ஜெர்மன் மொழியில் "ஆமாம்" என்பதற்கான "யா" ஒன்றுதான் பிழையில்லாமல் வரும். அதைச் சொன்னேன்.

திரும்பும்போது இனியா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பதினோரு வயது. பள்ளியிலிருந்து கூட்டி வரப் போனால் பத்தடி முன்னால் நடக்கிறவள். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள்; நான் ஜெர்மனில் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். அவள் என் கையைப் பிடித்து இரண்டு வருஷம் இருக்கும். பேருந்து நிறுத்தம் வரை நான் எதுவும் சொல்லவில்லை. பேருந்திலும் சொல்லவில்லை.

2

படத்தைப் போட்டவன் எத்திராஜ். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அவன் அப்பா கடலுக்குப் போகுமுன் காற்று, மழை எச்சரிக்கை கேட்பதற்காக வாங்கி வைத்திருந்த டிரான்சிஸ்டரில், எச்சரிக்கை இல்லாத நேரத்தில் முள்ளைத் திருகித் திருகி மற்றதையெல்லாம் கேட்டவன். படகுகளுக்குப் பெயர் எழுதக் கற்று, திண்டிவனம் வந்து, மரக்காணம் ரோட்டில் போர்டு எழுதும் கடை வைத்தான். நான் அப்போது பதிவுத்துறையில் உதவியாளன். வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம். காலையில் பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவேன். வீட்டுக்குப் போகும் வழியில் அவன் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், ஆறரையிலிருந்து எட்டு வரை இருவரும் சிற்றலை கேட்போம்.

சிற்றலை கேட்பது பாட்டுக் கேட்பது போன்றதல்ல. நிலையம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால். வருகிற வழியெல்லாம் எதனுடனாவது மோதிக்கொண்டு வரும். கேட்டதை நிலையத்துக்கு எழுதி அனுப்பினால், ஆமாம், நீ கேட்டது எங்களைத்தான் என்று ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. எந்த அலைவரிசை, எத்தனை மணி, பிறகு ஐந்து எண்கள்: ஒலியின் பலம், பிற நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். எனக்கு இது தேன். கட்டம் போட்ட எதையும் நான் விடமாட்டேன்.

எத்திராஜுக்கு எண் வராது. "இரைச்சலுக்கு எவ்ளோ போடலாம், மூணா, நாலா?" என்று கேட்டால், "அது எப்டி சார் மூணுன்னு சொல்றது? மல்லாட்டய முறத்துல கொட்டிப் பொடைக்கிற மாதிரி கீது. எழுதிக்குங்க" என்பான். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றால் வேர்க்கடலை; அதற்குக் கட்டம் இல்லை. ஒரு நாள் பொறுமை போய், மிச்சமிருந்த சார்ட் பேப்பரில் பிரஷ்ஷைத் தேய்த்து, "இந்தா சார், இப்டிக் கேக்குது. நீங்களே மூணோ நாலோ போட்டுக்குங்க" என்று நீட்டினான்.

அதிலிருந்து தினமும் போட்டான். கேட்கும்போது பிரஷ் கையில் இருக்கும். தனியாகச் சாயம் வாங்கமாட்டான். அன்றைக்கு எந்த போர்டோ அந்த நிறம். அனந்தபுரத்துக்காரர் ஒருவரின் லாரிக்கு மஞ்சள் அடித்த வாரம், ஐரோப்பா முழுவதும் மஞ்சளாகக் கேட்டது. ஒரு நாளும் அறிவிப்பாளர் முகத்தையோ, பாடுகிறவளையோ அவன் வரைந்ததில்லை. இரண்டு நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழும் சீழ்க்கையை வரைவான். யாரோ யாருக்கோ அனுப்பும் தந்தி மோர்ஸில் இடையே ஓடினால், அதைப் புள்ளியாக வைக்காமல், நண்டு மணலில் ஓடிய தடம்போல வைப்பான். ஒலி ஓங்கி, தேய்ந்து, மறுபடி ஓங்குகிறதே, அது அவனுக்குக் கட்டுமரத்தில் உட்கார்ந்து கரையைப் பார்ப்பது. அலைமேல் ஏறினால் கரை விளக்கு தெரியும், இறங்கினால் காணாமல் போகும். நான் அந்த இடத்துக்கு மூன்று என்று போட்டு வைத்தேன்.

அவன் காது கேட்டதைக் கை போட்டது. அவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. ஓவியம் என்ற சொல்லை நாங்கள் இருவரும் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அறிக்கையோடு அனுப்பும் இணைப்பு என்றே நான் பதிவேட்டில் எழுதினேன்.

அனுப்பும் வேலை என்னுடையது. சங்கம் வைத்திருந்தால் நிலையங்கள் மதிக்கும் என்பதால் சங்கம் தொடங்கினேன். தலைவர் நான், செயலாளர் நான், பொருளாளர் என் மனைவி சரோஜா, உறுப்பினர் எத்திராஜ். ஸ்டாம்பு செய்தேன். விழுப்புரம் ஜங்ஷனில் உள்ள தபால் பெட்டியில் போட்டால் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேரும் என்பது என் சித்தாந்தம். ஆகவே படங்களைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போவேன். ரயிலிலேயே மடியில் வைத்து ஸ்டாம்பு குத்துவேன். அனுப்புநர் முகவரி என் முகவரி, ஏனென்றால் அவன் கடை வருஷத்துக்கு ஒரு இடம் மாறும். எங்கள் பக்கத்தில் இப்படித்தான். இங்கிலீஷ் தெரிந்தவன் எழுதுவான், நிலையான முகவரி உள்ளவன் பெயரில் போகும், வருகிற பதிலை எல்லாரும் பார்ப்பார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைக்கவில்லை. நான் நினைத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் சரி.

முப்பத்து நான்கு வருஷம் பதிவுத்துறையில் இருந்தவன். யார் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவன். ஒருவர் சொத்து இன்னொருவர் பெயரில் இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாதா?

3

செவ்வாய்க்கிழமை வரை தாக்குப்பிடித்தேன். இந்த ஊரில் செவ்வாய் பழைய காகிதம் எடுக்கும் நாள். நீலத் தொட்டியை வாசலில் இழுத்து வைத்துவிட்டு வந்தால், சரோஜா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"நாலு நிமிஷம் என்னா பேசப் போறீங்க?"

"சிற்றலை பத்தி."

"படம் எப்படிப் போட்டேன்னு கேப்பாங்களே?"

நான் போய்க் கை கழுவினேன்.

"நீங்க மாங்கா போட்டா பூசணிக்கா மாதிரி வரும். குழந்தை ஸ்கூல்ல போய் எங்க தாத்தா ஆர்ட்டிஸ்ட்டுன்னு சொல்லிட்டு வந்துருக்குது. இன்னிக்கி ஒரு படம் போட்டுக் காட்டுன்னு அது கேட்டா என்னா செய்வீங்க, ஸ்டாம்பு குத்துவீங்களா?"

மாலை இனியாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, வழக்கம்போல ஜெர்மனில் விசாரித்தாள்.

"அப்போ நீ என்ன செஞ்ச?"

"போஸ்ட் பண்ணேன்."

"அவ்வளவுதானா?"

"ஃபாரமும் எழுதினேன்."

பள்ளிக்கென்று அவள் எழுதி ஒட்டியிருந்த பெரிய தாளை எடுத்து வந்தாள். அதில் என் பெயர் சிவப்பில் இருந்தது. வெட்டி எடுத்தாள், கோபம் ஒன்றும் இல்லாமல், காலண்டரில் தேதி கிழிப்பதுபோல. "அவர் பேர் எப்படி எழுதணும்?" என்று கேட்டாள். சொன்னேன். மறுநாள் பேருந்து நிறுத்தத்துக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

4

ஃப்ராவ் ஹார்ட்விக்கைப் பார்க்க முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். இங்கே நேரம் வாங்காமல் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எமனே வந்தாலும் கடிதம் போட்டுவிட்டுத்தான் வருவான் என்று நினைக்கிறேன். வியாழன் காலை பத்து மணிக்குக் கிடைத்தது.

கவிதா வேலைக்குப் போய்விட்டதால் தனியாகப் போனேன். அகராதியில் "செய்தவன்" என்பதற்கு வார்த்தை தேடி மனப்பாடம் செய்திருந்தேன். போய் நின்று, "இந்தப் படத்தின் டேட்டர் நான் இல்லை" என்றேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கொலை, கொள்ளை செய்தவனைத்தான் அப்படிச் சொல்வார்களாம். நான் குற்றவாளி இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அன்று நான் பேசியதில் உண்மை இல்லாத வாக்கியம் அது ஒன்றுதான்.

பிறகு இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கோப்பைத் திறந்தார். அதுவே போதுமான தண்டனையாக இருந்தது. பதிவேட்டில் படைத்தவர் பெயரை மாற்ற, படைத்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். தற்போது பதிவில் உள்ளவர் உரிமை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்திட வேண்டும். கண்காட்சிப் புத்தகம் அடுத்த புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் வராவிட்டால் புத்தகத்தில் என் பெயர்தான். அச்சான பிறகு மாற்ற முடியாது.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார்.

இருக்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் பூ அனுப்புகிறான். நான் கைகூப்பும் படம் அனுப்புகிறேன். ஆறு வருஷத்தில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

5

மறுநாள், மனு எழுதுவதுபோல மூன்று பத்தி தயார் செய்துகொண்டு போன் போட்டேன்.

"எத்திராஜு, சபாபதி பேசறேன்."

"சார்! நல்லா கீறீங்களா? அம்மா எப்டி கீறாங்க? அங்க இன்னா டைமு?"

"பகல் பதினொண்ணு."

"இங்க மூணரை. மரக்காணத்துல போட்டுக்கு நம்பர் எழுதிக்கினு கீறேன். சொல்லுங்க."

"அந்தக் காலத்துல நாம ஸ்டேஷனுக்கு அனுப்புனது... அதாவது, அதுல ஒரு தவறு ஏற்பட்டு..."

"இன்னா சார், சாவு சேதி சொல்ற மாதிரி இழுக்கறீங்க? யாருனா போய்ட்டாங்களா?"

சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, அட்டை, என் பெயர், கைகுலுக்கியது, நான் வாய் திறக்காதது, எல்லாம்.

"உங்க பேருதான் சார் இருக்கும்" என்றான். "சீலு உங்களுதுதானே. அந்த சீலு இல்லன்னா வெள்ளக்காரன் கவரயே பிரிக்க மாட்டான்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்றம் இன்னா?"

அவன் கோபப்பட்டிருந்தால் என்னிடம் மூன்று பத்தி இருந்தது.

"எந்தப் படம் சார் அது? அனுப்புங்க, பாக்கலாம்."

அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான். எத்திராஜ் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

"சார், இத எவன் மாட்டினது?"

"ஏன்?"

"தலகீழா கீது சார்! கடலத் தூக்கி வானத்துல வெச்சிக்கிறான். போனத் திருப்பிப் பாருங்க!"

போனைத் திருப்பினேன். படமும் கூடவே திரும்பிக்கொண்டது. மறுபடி திருப்பினேன். மறுபடி திரும்பியது. சரோஜா போனைப் பிடுங்கி மேசைமேல் வைத்து, "எழுந்து இந்தப் பக்கம் வாங்க" என்றாள். மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்று குனிந்து பார்த்தேன்.

மழை இல்லை. கருப்பு அடியில் கிடந்தது, பச்சை நெளிவுகளோடு. அது இரைச்சல். அதிலிருந்து மஞ்சள் மேலே ஏறுகிறது, தயங்கி, அறுந்து, மறுபடி ஏறுகிறது. உச்சியில் ஒன்றுமே இல்லாத வெள்ளை. முப்பது வருஷத்துக்கு முன் நான் மடியில் வைத்து ஸ்டாம்பு குத்திய படத்தை அன்றுதான் பார்த்தேன்.

"ஸ்டேஷன் ஆரம்பிக்கறதுக்கு மின்ன ஒரு செகண்டு எல்லாம் கம்முனு ஆவும், நெனப்பு கீதா சார்?" ஸ்பீக்கரில் அவன் குரல் இறங்கியிருந்தது. "இரைச்சல் அப்டியே அமுங்கிப் பூடும். யாரும் இன்னும் பேசல, ஆனா ஆளு வந்துட்டான்னு தெரியும். அத்த புடிக்கத்தான் சார் மூணு நாள் குந்திக்கினு போட்டேன். மழையாம் மழை."

"நான் பேரை மாத்தறதுக்கு..."

"பேரு யாருதுனா கீட்டும் சார். மொதல்ல அத நேரா மாட்டச் சொல்லுங்க. நான் போர்டு எழுதறவன். என் கையால போட்டது ஒண்ணு தலகீழா தொங்குதுன்னா நான் எப்டி சார் தெருவுல நடக்கறது?"

"இங்க உன்னை யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமே."

6

தலைகீழானதற்குக் காரணமும் நான்தான். கடிதத்தில் சங்க முத்திரை இடது மேல் மூலையில் இருக்க வேண்டும் என்பது நான் வகுத்த விதி. ரயிலில் படம் எந்தப் பக்கமாக மடியில் கிடந்ததோ, அந்தப் பக்கத்தின் இடது மேல் மூலையில் குத்தினேன். விஷயத்தைச் சொன்னதும் ஃப்ராவ் ஹார்ட்விக் கோப்பைக் காட்டினார். எந்தப் பக்கம் மேல் என்று மூன்று பேர் உட்கார்ந்து விவாதித்திருக்கிறார்கள். "முத்திரை நேராக உள்ள பக்கமே மேல்" என்று முடிவெழுதி மூவரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். குறை சொல்ல முடியவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

அடுத்த புதனுக்குள் பத்திரம் வேண்டும். என் வாழ்க்கையில் நான் தயாரித்த கடைசி ஆவணமும், மிகச் சிறந்ததும் அதுதான்: பிழைதிருத்தல் பத்திரம். எழுதிக் கொடுப்பவர் வே. சபாபதி, எழுதி வாங்குபவர் ஆர். எத்திராஜ். சொத்து விவரத்தில் நான்கெல்லை இல்லாமல் எனக்கு மனம் ஒப்பவில்லை: வடக்கே வெள்ளை, தெற்கே கருப்பு, இடையில் ஏறும் மஞ்சள். இனி வடக்கு எது என்பதில் எவருக்கும் சந்தேகம் வராது. அடியில் ஜெர்மன் மொழிபெயர்ப்பைக் கவிதா எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்கு சரோஜாவிடம் நீட்டினேன்.

"நாப்பது வருஷத்துல நீங்க ஒண்ண விட்டுக்குடுத்து இப்பதான் பாக்கறேன்" என்றாள். "பேனா குடுங்க, மனசு மாறிடப் போவுது."

எத்திராஜிடமிருந்து கையெழுத்து திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் வந்தது. ஃப்ராவ் ஹார்ட்விக் உடனே திருப்பி அனுப்பினார்: அச்சிட்ட பெயர் செல்லாது, கையால் இட வேண்டும். அது கையால் இட்டதுதான். போர்டு எழுத்தில், நிழல் கொடுத்து, அளவெடுத்து எழுதியிருந்தான். "கோழிக் கிறுக்கலா போடு எத்திராஜு" என்றேன். "நல்லா எழுதுனா ஒத்துக்க மாட்டாங்களா சார், பேஜாரான ஊருதான்" என்று பால்பாயின்ட் பேனாவில் கிறுக்கி ஜல்தியாக அனுப்பினான். செவ்வாய் மாலை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

படத்துக்குத் தலைப்பு என்ன என்று காட்சியகத்தில் கேட்டார்கள். "தலைப்பெல்லாம் இல்ல சார், ஆறே முக்காலுக்குக் கேட்டது" என்றான். அதையே அச்சடித்துவிட்டார்கள். ஆர். எத்திராஜ், திண்டிவனம். "மாலை ஆறே முக்கால்". அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில், அனுப்பியவர்: வே. சபாபதி. இதைச் சேர்க்கச் சொன்னது நானல்ல, எத்திராஜ். "நடந்தத எழுதச் சொல்லுங்க சார்" என்றானாம், கவிதாவிடம்.

திறப்பு விழா சனிக்கிழமை பகல். ஐம்பது பேர் இருப்பார்கள். நான் நான்கு நிமிடத்துக்கு எழுதி வைத்திருந்ததை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டேன். இது இவருடைய படம், நான் தபால் போட்டேன் என்பதற்கு அதற்குமேல் ஆகவில்லை. வீடியோ அழைப்பில் எத்திராஜ். வெள்ளைச் சட்டை, தலை படிய வாரியிருந்தான். பின்னால் பாதி எழுதிய மளிகைக் கடை போர்டு. போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தேன். கருப்பு அடியில், மஞ்சள் மேலே. என் ஸ்டாம்பு வலது கீழ் மூலையில் தலைகீழாகக் கிடந்தது.

ரொம்ப நேரம் பார்த்தான். "வலது பக்கம் ஒரு நூல் தாழ்ந்துக்கினு கீது" என்றான். ஃப்ராவ் ஹார்ட்விக்கிடம் சொன்னேன். அளவுகோல் வந்தது. தாழ்ந்துதான் இருந்தது.

அப்போது இனியா கூட்டத்துக்குள்ளிருந்து வந்து போனுக்கு முன் தலையை நீட்டினாள்.

"நீங்களா எத்திராஜ்?"

"ஆமா கண்ணு. நீ சார் பேத்தியா?"

"அந்த மஞ்சள் என்ன சத்தம்?"

"அதுவா? சொன்னாப் புரியாது, இரு." வாயைக் குவித்து, மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் அடங்கிப்போகும் ஒரு சீழ்க்கை. ஐம்பது தலைகள் திரும்பின. முள்ளைத் திருகும்போது, நிலையம் நெருங்க நெருங்க இறங்கி, சிக்குமுன் அடங்கும் சத்தம் அதேதான்; படத்தில் மஞ்சள் ஏறுவது அந்த நெருக்கம்.

இனியா முயன்றாள். காற்றுதான் வந்தது.

"அப்டி இல்ல கண்ணு. ஒதட்ட இன்னும் கூட்டு. மேலேர்ந்து எறங்கி வரணும், அவசரப்படாத."

மறுபடி முயன்றாள். வந்தது. எத்திராஜ் பதிலுக்கு ஊதினான். அவள் திருப்பி ஊதினாள். "இப்போ பச்சை? பச்சை எப்படி?" என்று தமிழிலேயே கேட்டாள். அவன் பச்சையை உறுமிக் காட்டினான். நடுவில் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எழுதிக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. நான் குறுக்கே ஏதோ விளக்கம் சொல்லப் போனேன்.

"சார், கை ஆடுது" என்றான் எத்திராஜ். "கொழந்த மூஞ்சி தெரியல. கொஞ்ச நேரம் பேசாம புடிங்க."

பேசாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.